சூப்பர் என்றது டிரெய்லரைத்தான்

இன்று காலைக் காட்சியில் புதிதாக வந்திருக்கும் ராஜா காலத்துப் படத்தைப் பார்த்தேன். வெளியே வந்ததும் யூடியூப் சேனல்காரர் ஒருவர் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கு முன்னால் ஒருவர், "கண்ணுல தண்ணி வந்துடுச்சிங்க" என்றார்.

அவர் மனைவி, "தூங்கி எழுந்தா வராம இன்னா பண்ணும்?" என்றார். மைக் அந்த அம்மா பக்கம் திரும்பவே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்.

அடுத்து சேனல்காரர் என்னிடம் வந்தார். "டிரெய்லர் சூப்பருங்க. அத நம்பி வந்தோம். சண்டை ஜாஸ்தி, கதை கம்மி" என்றேன்.

மதியம் வீடியோ வந்துவிட்டது. அதில் நான் சிரித்துக்கொண்டே "சூப்பருங்க" என்கிறேன். அவ்வளவுதான்.

உடனே அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து நாத்தனார் போனில் கூப்பிட்டாள். "அண்ணி, நீங்களே சூப்பர்னு சொல்லிட்டீங்க. சாயங்கால ஷோவுக்கு எல்லாருக்கும் டிக்கெட் போட்டுட்டோம், உங்களுக்கும் சேத்து."

நடந்ததைச் சொன்னேன்.

"எங்களோட வர இஷ்டமில்லன்னா நேராவே சொல்லுங்க அண்ணி."

இதோ, கிளம்பிக்கொண்டிருக்கிறேன். இந்தப் படத்தை மனதாரப் பாராட்டியவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள். முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.