பத்தொன்பது வரி ஒட்டு

திருப்பதியில் நான் தங்கியிருக்கும் தெருவின் முனையில் ஒரு சிறிய வாசகசாலை இருக்கிறது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு போட்டி வைக்கப் போகிறார்கள். தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தை நண்பர் ஒருவருக்குப் பரிந்துரைத்து நூறு சொற்களில் எழுத வேண்டும். நன்றாக எழுதும் ஐந்து பேருக்குப் புத்தகம் பரிசு. விதிகளை என்னிடம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஓர் அலுவலகத்தில் ட்ரேசராக வேலை பார்க்கிறேன். வரைபடத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, கீழே தெரியும் கோடுகளை மையால் படியெடுப்பது என் வேலை. எழுத்து சீராக இருக்கும் என்று என்னிடம் வந்திருப்பார்கள்.

ஒன்பது விதிகள் எழுதினேன். எட்டை ஒப்புக்கொண்டார்கள். ஒன்பதாவது எதற்கு என்று கேட்டார்கள். “எந்தப் பத்திரிகையிலிருந்தும் எதையும் வெட்டி அனுப்பக் கூடாது” என்பது அது. அங்கே நான் காரணம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம். அப்போது அது செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னை ராஜ்யத்தில் இருந்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருடங்கள் ஆகியும், எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் அந்தப் பக்கம் போவது உறுதி என்று ஊத்துக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். என் நைனா அதற்கு ஒரே பதில் வைத்திருந்தார்.

“எந்தப் பக்கம் போனா இன்னா. பஸ்ஸ எடுத்துக்கினு போவாம இருந்தா சரி.”

அந்த பஸ்ஸில்தான் மாதம் ஒருமுறை எங்கள் பத்திரிகை வந்தது. சென்னையில் அச்சாகும், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான பத்திரிகை. பதினோரு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கினோம். தையல்காரர் கடையில் அது இறங்கும். அவர் மகளும் பதினோரு பேரில் ஒருத்தி. என்னைவிட ஒரு வயது பெரியவள், வாய்க்காரி. யார் எந்த இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும் என்ற பட்டியல் என் பொறுப்பு. மாதாமாதம் வரிசையை மாற்றி, ஓர் அட்டையில் எழுதிக் கடைச் சுவரில் மாட்டுவேன்.

பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் போட்டி இருக்கும். ஒரு நூலைப் பரிந்துரைத்து நூறு சொற்களில் எழுத வேண்டும், பத்துப் பேருக்குப் பரிசு நூல். கட்டுரையோடு அந்த இதழின் கூப்பனை வெட்டி ஒட்ட வேண்டும். பதினோரு பேருக்குப் பிரதி ஒன்று, ஆகவே கூப்பனும் ஒன்று. அதற்கும் முறை வைத்திருந்தோம். ஒருவருக்குப் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வரும்.

சிக்கல் கூப்பனின் பின்பக்கத்தில் இருந்தது. அங்கே எப்போதும் தொடர்கதை ஓடும். வெட்டினால் கதையில் ஓட்டை விழும். எல்லோரும் படித்து முடிக்கும் வரை காத்திருந்தால் கடைசித் தேதி போய்விடும். அதனால் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். வெட்டுவதற்கு முன் பின்பக்கத்து வரிகளை வேறு தாளில் அப்படியே எழுதி, வெட்டிய இடத்தில் ஒட்டிவிட வேண்டும். இதற்கு ‘ஒட்டு’ என்று பெயர். முழுக்கைச் சட்டையில் முழங்கை கிழிந்தால் போடுவது போல என்று தையல்காரர் மகள் சொன்ன பெயர் நிலைத்துவிட்டது.

என் முறை ஐப்பசியில் வந்தது. போட்டி விதியில் ‘சென்னை ராஜ்ய வாசகர்களுக்கு மட்டும்’ என்று இருந்தது. அடுத்த முறை எனக்கு வரும்போது நாங்கள் எந்த ராஜ்யத்தில் இருப்போம் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே இதுவே எனக்கு முதலும் கடைசியும். அந்த மாதப் பரிசு நூலின் விளம்பரத்தைப் பார்த்திருந்தேன். காந்தம், திசைகாட்டி, மின்சார மணி முதலியவற்றை வீட்டிலேயே செய்வது எப்படி என்று படங்களோடு சொல்லும் நூல். எங்கள் ஊருக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. டார்ச் லைட் பாட்டரியே போதும் என்று விளம்பரத்தில் இருந்தது. எனக்கு அந்த மணி வேண்டும். வேறு எதையும் நான் அவ்வளவு விரும்பியதாக நினைவில்லை.

பரிந்துரைக்க நான் தேர்ந்தெடுத்தது, பக்கத்துக் கிணற்று ஆயில் எஞ்சினோடு வந்த கையேடு. எஞ்சின் ஓடாவிட்டால் என்ன பார்க்க வேண்டும் என்று அதில் பன்னிரண்டு காரணங்கள் வரிசையாக இருக்கும். அதைப் போல ஒழுங்காக எழுதிய புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை. நூறு சொற்களை இருமுறை எண்ணிப் பார்த்தேன்.

அந்த மாதம் மழை. ஆரணி ஆற்றில் வெள்ளம் வந்து பஸ் ஒரு வாரம் வரவில்லை. இதழ் தாமதமாக வந்தது. பட்டியலில் நான் ஏழாவது. என் கைக்கு வந்த மறுநாள் மதிய பஸ்ஸில் தபால் போகாவிட்டால் நேரத்துக்குச் சென்னை போய்ச் சேராது.

மறுநாள் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. ஏரிக்கரைத் திருப்பத்தில் ஹாரன் கேட்டது. கூப்பனை வெட்டினேன். சோற்றுப் பசை தடவினேன். கட்டுரையின் மேல்மூலையில் வைத்து அழுத்தினேன். உறையில் போட்டு ஓடினேன். தபால்காரர் பையைக் கட்டிவிட்டிருந்தார். அவிழ்த்துப் போட்டுக்கொண்டார்.

“லவ் லெட்டர் எய்தறவன்கூட இப்டி ஓடியாற மாட்டான்” என்றார்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் இதழில் இருந்த ஓட்டையைப் பார்த்தேன். பின்பக்கத்தை எழுதி எடுக்கவில்லை. கூப்பனின் அந்தப் பக்கம் பசையில் ஒட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. முந்தின ஆறு மாதங்களில் ஆறு பேர் ஒட்டுப் போட்டிருந்தார்கள். இப்படி ஒருவருக்கும் நடந்ததில்லை. பட்டியல் எழுதுகிறவளுக்கு நடந்தது.

பக்கத்துப் பத்தியோடு வைத்து எண்ணினேன். பத்தொன்பது வரி. முதல் வரியும் கடைசி வரியும் நினைவில் இருந்தன. நடுவில் பதினேழு வரிகளை முந்தின நாள் மேலோட்டமாகத்தான் படித்திருந்தேன். கலங்கரை விளக்கக் காவலரின் மகள், காணாமல் போன அப்பாவைத் தேடிப் படகில் போகிறாள். அலை வருகிறது. அதற்கு மேல் தெரியவில்லை.

இந்த இதழை எனக்கு முன் படித்த ஆறு பேரில் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். வழக்கத்தை மீறுகிறவருக்குப் பட்டியலில் இடமில்லை என்று அட்டையின் அடியில் எழுதியிருந்தது. எழுதியவள் நான்.

எனக்குக் கதை எழுத வராது. அதனால் முந்தின பக்கங்களைப் புரட்டி, அவள் படகில் என்னென்ன இருந்தன என்று பார்த்தேன். பிறகு எழுதினேன். அலை வந்து போனது. அவள் படகில் இருந்தவற்றைச் சரிபார்த்தாள். துடுப்பு இரண்டு. கயிறு ஒன்று. தண்ணீர்ப் பானை ஒன்று. அப்பாவின் தொப்பி. எல்லாம் இருந்தன. மனம் தேறினாள். இடைவெளி விட்டு எழுதியும் பதினாறு வரிதான் வந்தது. படகின் பாய் நனைந்திருந்தது என்று ஒரு வரி சேர்த்தேன். ஒட்டினேன்.

எட்டாவது ஆள் தையல்காரர் மகள். இரண்டு நாள் கழித்து எதிரில் வந்தவள், “இந்த வாட்டி கதை எய்தறவரு சாமான் லிஸ்ட்டு போட்டுகிறாரு மே” என்றாள்.

அடுத்த இதழ் வந்தது. அதன் முதல் வரியிலேயே காவலரின் மகள் மிச்சமிருந்த ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு, படகு வட்டமடிக்க, அழுதுகொண்டிருந்தாள்.

அந்த இதழ் எல்லோரையும் சுற்றி முடித்த மறுநாள் கடையில் பத்துப் பேரும் கூடியிருந்தார்கள். நான் புது அட்டையோடு போனேன். தையல்காரர் மகள் கையில் ஒரு கார்டு வைத்திருந்தாள். பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியது. போன இதழில் இரண்டு துடுப்பும் பத்திரமாக இருந்தன, இந்த இதழில் ஒன்றுதான் இருக்கிறது, இதைக் கவனிக்க வேண்டாமா என்று கேட்டிருந்தாள். அடியில் பதினோரு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஊர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. என் கட்டுரையிலும் அதே ஊர் பெயர்தான்.

“ஒரு துடுப்ப அல அடிச்சிக்கினு போய்ட்ச்சி. நான் படிச்சேன்” என்றான் இரண்டாவதாகப் படித்தவன்.

“நீ தூக்கத்துல படிச்சிருப்ப. ரெண்டும் இருந்திச்சி. கயிறு, பானை, தொப்பி எல்லாம் இருந்திச்சி” என்றாள் தையல்காரர் மகள்.

“தொப்பி எங்கேர்ந்து வந்திச்சி?”

“அவுங்க நைனா தொப்பி. கத படிக்கிறியா, இல்ல கடலைய துன்னுக்கினே பொம்ம பாக்கறியா?”

முதலில் படித்த ஆறு பேர் ஒரு பக்கம், கடைசியில் படித்த நான்கு பேர் ஒரு பக்கம். தையல்காரர் மிஷினை நிறுத்தினார்.

“அங்க ஆபீசருங்கோ ஊர ரெண்டா பிரிக்கிறாங்கோ. நீங்க இங்க பிரிங்க. சண்ட போட்றதுன்னா வெளிய போய் போடுங்கம்மா, நூலு அறுந்துபோவுது.”

அவர் மகள் என் பக்கம் திரும்பினாள். “இதுக்கு இன்னாத்துக்கு சண்ட. அச்சுல இருந்தத படிச்சிட்டு, அத கையால எய்தி ஒட்டுனவ இவதான். நீ சொல்லு மே. எத்தினி துடுப்பு?”

அவள் கேலி செய்யவில்லை. என் எழுத்தின் மேல் இருந்த நம்பிக்கையில் கேட்டாள். இரண்டு என்றால் கார்டு போகும். ஆசிரியர் பழைய இதழை எடுத்துப் பார்ப்பார். ஒன்று என்றால் என் ஒட்டு பொய். எது சொன்னாலும் முடிவு ஒன்றுதான் என்று தெரிந்தது. கார்டைக் கிழித்துவிடச் சொல்ல வேறு காரணம் கிடைக்கவில்லை.

“எனக்குத் தெரியாது” என்றேன். “பாக்காம வெட்டிட்டேன். நடுவுல பதினேழு வரி நானா எழுதனது.”

தையல்காரர் மகள் கேட்டாள்.

“அந்த தொப்பியுமா?”

“தொப்பி முன்னாடியே கதையில இருந்திச்சி. பாய் நனைஞ்சது மட்டும் நான் போட்டது.”

“அதான பாத்தேன். காரணமே இல்லாம பாய் நனைஞ்சிக்கினு இருந்திச்சி.”

யாரோ சிரித்தார்கள். சிரித்த பிறகும் அட்டையின் அடியில் எழுதியிருந்த வரி சுவரில் அப்படியே இருந்தது. அதை ஒருவன் விரலால் காட்டினான். என்னைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்றான். எடுத்தால் அட்டையை யார் எழுதுவது என்று இன்னொருவன் கேட்டான். தையல்காரர் மகள் கார்டை நான்காகக் கிழித்து ஜாக்கெட் வெட்டும் துணிக்கடியில் போட்டாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்.

“பட்டியல்ல இருக்கட்டும். பரிசு வந்துச்சின்னா அந்த புக்கு பதினோரு பேருக்கும். ஆளுக்கு நாலு நாளு. இவளுக்குக் கடைசி. நாலு பேருக்கு பொய்க் கத குட்த்தா இல்ல, பத்து பேரு படிக்கிற வரைக்கும் உக்காந்து பாக்கட்டும்.”

எல்லோரும் சரி என்றார்கள். அந்தப் பட்டியலையும் நான்தான் எழுதினேன். பதினோராவது இடத்தில் என் பெயரை எழுதும்போது எழுத்து மற்றவற்றைப் போலவே சீராக வந்தது. இரவு வீட்டில் நைனா, இன்னும் பரிசாக வராத புத்தகத்துக்குப் பட்டியல் எதற்கு என்று கேட்டார். அது எனக்கும் தோன்றியிருந்தது.

மாசியில் பரிசு வந்தது. கூடவே ஆசிரியர் இரண்டு வரி எழுதியிருந்தார். நான் பரிந்துரைத்த நூலை வாங்க விரும்பும் வாசகர்கள் எஞ்சினையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும் என்பதால், கட்டுரையை வெளியிடவில்லையாம். ஆனாலும் பரிசு உண்டு. பார்சலின் மேல் என் பெயர், ஊர், செங்கல்பட்டு மாவட்டம், சென்னை ராஜ்யம் என்று மை ஊறி எழுதியிருந்தது. மேலே சுற்றியிருந்த தாளை மட்டும் எடுத்துக்கொண்டு புத்தகத்தைத் தையல்காரர் மகளிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லைதான்.

நாற்பது நாள். அதற்குள் பங்குனியில் எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. தபால் முத்திரை மாற இன்னும் சில நாள் பிடித்தது. பள்ளியில் தெலுங்குப் பாடப் புத்தகங்கள் வந்து இறங்கின. பஸ் அப்படியே ஓடியது. புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்பதை மட்டும் நான் தினம் அட்டையில் குறித்துவந்தேன். மூன்றாவது வீட்டில் ஒருவன் திசைகாட்டி செய்தான். ஐந்தாவது வீட்டில் இருவர் காந்தம் செய்து ஊசிகளைத் தொலைத்தார்கள். மணியை யாரும் செய்யவில்லை. அதற்குச் செம்புக் கம்பி நிறைய வேண்டும்.

ஒன்பதாவது வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. புத்தகத்தை எருக்குழிச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள்.

“ஆடு துன்ட்ச்சி” என்றாள் தையல்காரர் மகள். “எல்லாம் இல்ல. ஒரு பக்கம்.”

“எந்தப் பக்கம்?”

அவள் திரும்பி நடந்தாள்.

என் முறை வந்தபோது அவளே புத்தகத்தைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனாள். ஓரங்கள் நைந்திருந்தன. நேராக மின்சார மணிப் பக்கத்துக்குப் போனேன். படம் இருந்த பாதி இல்லை. அந்த இடத்தில் ஓர் ஒட்டு இருந்தது.

தைப்பதற்கு அளவு வெட்டும் தாளில் மிஷின் எண்ணெய் தேய்த்தால் கீழே இருப்பது தெரியும். அப்படி ஒரு தாளைப் படத்தின் மேல் வைத்து, பென்சிலால் முழுவதையும் எடுத்திருந்தாள். கம்பிச் சுற்று, சுத்தி, கிண்ணம், திருகு, ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் எண். கோடு எங்கும் தடுமாறவில்லை. எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. புத்தகம் முதலில் போனது அவள் வீட்டுக்குத்தான். ஆடு தின்பதற்கு முப்பது நாள் முன்பே எடுத்து வைத்திருக்கிறாள். எதற்காக எடுத்தாள் என்று அவள் சொன்னதில்லை.

அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: “பார்த்து எடுத்தது. பாய் நனையவில்லை.”

அந்த ஒட்டை வைத்துத்தான் மணி செய்தேன். பக்கத்துக் கிணற்று எஞ்சின்காரர் பழைய செம்புக் கம்பி கொடுத்தார். கம்பி சுற்ற மூன்று நாள் ஆனது. நான்காவது நாள் காலையில் பாட்டரியை இணைத்தேன். அடிக்கவில்லை. ஒட்டில் இருந்த எண்களோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஏழாம் எண் திருகு தளர்வாக இருந்தது. முடுக்கினேன். அடித்தது. புத்தகத்தை அன்று மாலையே தையல் கடையில் கொண்டுபோய் வைத்து, அட்டையில் என் பெயருக்கு நேரே கோடு போட்டேன்.