உப்பு மூட்டையும் விடியற்காலை ஒரு மணி நேரமும்

எழுபதுகளில் ஒரு மனிதன் காரணமில்லாமல் ஓடினால் தூத்துக்குடியில் யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

புதுத் துறைமுகத்தில் எனக்கு வேலை. கப்பலில் ஏறுகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற டாலி கிளார்க். பகல் ஷிப்ட் முடிந்து மற்றவர்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டுவேன். காலி டிபன் கேரியரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்து ஓடத் தொடங்குவேன். இருபுறமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், பாத்தி பாத்தியாக மேகம். நான் ஓட ஓட மேகங்களும் கூடவே ஓடிவரும், ஆனால் அவற்றுக்கு மூச்சு வாங்காது.

ஒரு நாள் பின்னால் வந்த சைக்கிள்காரர் பதறிப்போய் பிரேக் பிடித்தார்.

"ஏறும்யா பின்னால. ஆஸ்பத்திரிக்குத்தான?"

"இல்லண்ணே. சும்மா ஓடுதேன்."

"சும்மாவா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்ல எதும் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லண்ணே. ஒடம்புக்கு நல்லதுன்னு."

அவர் கொஞ்ச தூரம் என் வேகத்துக்கே மிதித்துக்கொண்டு வந்தார். என்னைத் தனியாக விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை என்று தெரிந்தது. பிறகு, "பாத்துப் போ தம்பி, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதுவும் சரியாக வேண்டியதில்லை. எனக்கு இருபத்தாறு வயது. நாள் முழுக்க கையில் பென்சில் ஒன்றுதான் பாரம். என் கண்ணெதிரே ஆட்கள் முதுகில் மூட்டையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்க, நான் நின்ற இடத்தில் நின்று கோடு போட்டுக்கொண்டிருப்பேன். நாலு நேர்கோடு, குறுக்கே ஒன்று. ஐந்து. மறுபடி நாலு, குறுக்கே ஒன்று. உடம்பு இரவல் வாங்கிய சட்டை மாதிரித் தொங்கியது. அதை என்னுடையதாக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு தவிப்பு. அதனால்தான் மாலை ஓட்டம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்ததும் கடற்கரை மணலில் வாலிபால். அதனால்தான் விடியற்காலை உப்பு மூட்டை.

மூட்டையின் கதையைச் சொல்ல வேண்டும். இரும்பு வாங்க வசதியில்லை. பக்கத்து வீட்டுக்காரர் உப்பளத்தில் வேலை பார்த்தார். பங்குனியில், பாத்தியிலிருந்து வாரிய புது உப்பை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து போட்டார். தெருமுனைக் கடை அண்ணாச்சியின் தராசில் நிறுத்து, சரியாக ஐம்பது கிலோ வைத்து வாயைத் தைத்தேன்.

"உப்ப வச்சி என்ன செய்யப் போறிய?" என்றார் அண்ணாச்சி.

"தூக்கப் போறேன் அண்ணாச்சி."

"தூக்கி?"

"கீழ வைக்கணும்."

"வச்சிட்டு?"

"மறுபடி தூக்கணும்."

அண்ணாச்சி அடுத்த ஆளுக்குத் துவரம்பருப்பு மடிக்கப் போய்விட்டார்.

ஆகஸ்டில் துறைமுகத்துக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு விழா வைப்பதாகப் பேச்சு. அதில் ஒரு போட்டி: ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையைத் தரையிலிருந்து தோளுக்கு ஏற்றி, தோளிலிருந்து தலைக்கு மேல் உயர்த்தி, இறக்க வேண்டும். அதிகத் தடவை தூக்குகிறவருக்கு வெற்றி. பங்குனியில் என் உப்பு மூட்டையை ஒரே ஒரு தடவைதான் என்னால் தலைக்கு மேல் கொண்டுபோக முடிந்தது. அதுவும் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்து, கால் நடுங்கி.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலை ஐந்திலிருந்து ஆறு வரை. அந்த ஒரு மணி நேரத்துக்குள் வரிசையில் நின்று பிடிக்காவிட்டால் அன்றைக்குக் குளியலும் இல்லை, குழம்பும் இல்லை. எனக்கு உடற்பயிற்சிக்கு வாய்த்ததும் அதே ஐந்து மணிதான். ஆகவே நான் வீட்டுக்குள் மூட்டையோடு மல்லுக்கட்ட, என் மனைவி குடத்தோடு குழாயடியில் நின்றாள்.

அவள் நாசரேத்துக்காரி. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன் டென்னிகாய்ட் ஆடியவள். ரப்பர் வளையத்தை வலைக்கு மேல் எறிந்து பிடிக்கிற ஆட்டம். அவள் வளையத்தை எறிந்தால் அது பொய் சொல்லிக்கொண்டே வரும், இடப்பக்கம் போவதுபோல் வந்து வலப்பக்கம் விழும். இதெல்லாம் எனக்குக் கல்யாணப் பேச்சின்போதே சொல்லப்பட்டது. கேட்டுவிட்டு மறந்துபோனேன்.

சித்திரையில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்: "எங்க ஸ்கூல்ல டீச்சர்ஸ் எல்லாரும் டென்னிகாய்ட் ஆரம்பிச்சிருக்காங்க. காலைல அஞ்சுல இருந்து ஆறு. ஸ்கூல் பிள்ளையெல்லாம் வந்துட்டா கோர்ட்டு கிடைக்காதுல்லா."

"நல்லதுதான?" என்றேன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"நல்லதுதான். தண்ணிய யாரு பிடிப்பா?"

நான் பிசைவதை நிறுத்தினேன். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு ஐந்து மணி. அதற்கு நாங்கள் இரண்டு பேர், கூடவே ஒரு குழாய்.

கடைசியில் அவள்தான் வழி சொன்னாள். "ஆகஸ்ட் வரைக்கும் நீங்க வச்சிக்கிடுங்க. போட்டில ஜெயிச்சா அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கே. ஜெயிக்கலன்னா எனக்கு. சரியா?"

"சரி."

"பைபிள் மேல சத்தியம் பண்ணச் சொல்ல மாட்டேன். சொன்னாப் போதும்."

"சரின்னு சொன்னம்லா."

அன்றிலிருந்து மூட்டை எனக்கு வெறும் மூட்டையாக இல்லை. அதைத் தூக்கும்போதெல்லாம் ஒரு மணி நேரத்தையே தூக்கினேன்.

வைகாசியில் மூன்று தடவை தூக்கினேன். பிறகு மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று கிளம்பியது. ஊரே மணலும் உப்புமாக உதட்டில் கரிக்கிற காலம் அது. எனக்கோ தெம்பு பொங்கி வந்தது. ஆனி நடுவில் ஆறு. ஆடியில் ஒன்பது. காலையில் வேர்க்கடலையும் ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டியும் தின்பேன். தசைக்குள் கருப்பட்டி கரைந்து பாய்வதாகவே தோன்றும். ஆடி கடைசியில் பதினொன்று. சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைத்தேன், துறைமுகத்தில் போடுவது போலவே. நாலு நேர்கோடு, குறுக்கே ஒன்று. கண்ணாடியில் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது முன்பிருந்த தோள் மாதிரிதான் இருந்தது. ஆனாலும் கண்ணாடியை நம்புவதா, கோட்டை நம்புவதா? நான் கோடுகளை நம்பிச் சம்பளம் வாங்குகிறவன்.

குழாயடியிலிருந்து இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடத்தோடு அவள் உள்ளே வருவாள். "எத்தனை?" என்பாள். சொல்வேன். "அம்மாடி" என்பாள். பிறகு ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு, மூட்டை கிடந்த மூலையைத் துடைப்பாள். தினமும் துடைப்பாள். வீடு துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

விழா நாள் வந்தது. மைதானத்தில் அவளும் அவளோடு இரண்டு டீச்சர்களும் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு கிரேன் ஓட்டுநர் தூக்கினார். ஒன்பது தடவை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டில் என்னுடையது பதினொன்று.

சிமெண்ட் மூட்டையின் இரண்டு காதையும் பிடித்தேன். இழுத்தேன்.

அது என்னை அறிமுகமில்லாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. தோளுக்கு வந்தது. தலைக்கு மேல் போனது, ஆனால் முனகிக்கொண்டு. இரண்டாவது. மூன்றாவதில் முழங்கால் எனக்குத் தெரியாத பாஷையில் ஏதோ பேசியது. நான்காவதில் மூட்டை தோளிலேயே தங்கிவிட்டது. மேலும் போகாமல் கீழும் வராமல் இருவரும் கொஞ்ச நேரம் கட்டிப்பிடித்து நின்றோம். பிறகு அது இறங்கிவிட்டது. சிமெண்ட் தூசி கண்ணிமையில் படிந்தது.

"ஏலே, கிளார்க்கு மூட்டைய எண்ணத்தாம்ல செய்வாரு" என்று கூட்டத்தில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

வீட்டுக்கு வந்து மூலையில் கிடந்த உப்பு மூட்டையை ஒரு வெறியோடு தூக்கினேன். பூப்போல வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"அங்கன மட்டும் ஏன் வரல?" என்றேன். "தராசு தப்பா? சிமெண்டுல கூடப் போட்டுட்டானா?"

அவள் காதிலிருந்து கம்மலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "சிமெண்டு சரியாத்தான் இருந்துச்சு."

"பின்ன?"

"புது உப்புல்லா. தண்ணி வடிஞ்சிக்கிட்டே இருக்கும். இந்தக் கச்சான்ல சுத்தமாக் காஞ்சிருக்கும். ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணியத் தொடச்சித் தொடச்சி என் வெரலெல்லாம் அரிச்சிப் போச்சு." விரல் இடுக்கைக் காட்டினாள். தோல் வெந்ததுபோல் சிவந்திருந்தது.

மறுநாள் அண்ணாச்சியின் தராசில் வைத்தேன். நாற்பத்திரண்டு கிலோ. பங்குனியிலிருந்து நான் பலம் ஏறிக்கொண்டிருந்ததாக நினைத்த ஒவ்வொரு நாளும் மூட்டை இளைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு தடவைகூட மறுபடி நிறுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வேலையில் மூட்டை என்றால் மூட்டை. ஏறுகிறதா, கோடு. எடை பார்ப்பது இன்னொருத்தன் வேலை. அவனுக்கும் எங்களுக்கும் பேச்சுக்கூடக் கிடையாது.

திரும்பி வந்து அவளிடம் கேட்டேன்: "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க அம்புட்டு சந்தோசமா இருந்திய."

"அதனாலயா?"

அவள் கணக்கு டீச்சர், விடையை ஒரு வரியில் விட மாட்டாள்.

"எனக்கும் அந்த ஒரு மணி நேரம் வேணும்லா" என்றாள்.

நான் கோபப்பட வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன். அவளுடைய விரல் இடுக்கு கண்ணில் பட்டது. ஐந்து மாதம் என் பெருமை சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிய, அதைக் குனிந்து துடைத்தவள். வாயை மூடிக்கொண்டேன். பிறகு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது.

அடுத்த திங்கள் காலை ஐந்து மணிக்கு அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் வளையத்தை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். நாலு வீடு தாண்டும்வரை மெதுவாக நடந்தாள். அதற்கப்புறம், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஓடினாள். இதுவரை அவள் ஓடி நான் பார்த்ததில்லை. எனக்கு வராத ஓட்டம் அது. தரை அவளைத் தடுக்கவே இல்லை.

நான் குடங்களோடு குழாயடிக்குப் போனேன். வரிசை முழுக்கப் பெண்கள்.

"என்ன சார், மூட்டை தூக்கலையா?" என்றாள் ஒரு அக்கா.

"குடம் தூக்க வந்திருக்கேன்க்கா."

"தூக்கி?"

அண்ணாச்சி கடையில் பேசியது தெரு முழுக்கப் போயிருக்கிறது. கையொன்றுக்கு ஒரு குடம் என்று, ஆறு நடை. முதல் நாள் பாதித் தண்ணீர் என் காலில்தான் கொட்டியது. ஒரு மாதத்தில் சிந்தாமல் நடக்கப் பழகினேன். நிறைகுடம் ஏமாற்றாது, சிந்தினால் கால் நனைந்து உடனே சொல்லிவிடும். மாலை ஓட்டம் தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வாலிபாலும்.

ஆறு மணிக்கு அவள் வியர்த்து, முகம் சிவந்து, உள்ளங்கையில் ரப்பர் வாசனையோடு வருவாள். "எத்தனை?" என்று இப்போது நான் கேட்பேன். "மூணு கேம். ரெண்டு எனக்கு" என்பாள், ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் அடைமழை, சுவரெல்லாம் ஈரம். குழாயடிக்குப் போக வேண்டியதில்லை, கூரையடியிலேயே அண்டா நிறைந்தது. அவளுக்கும் ஆட்டம் கிடையாது. கை துறுதுறுவென்றிருக்க, மூலையில் கிடந்த பழைய மூட்டையை நோக்கிக் குனிந்தேன்.

அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது.

"இந்தா, இப்பமே சொல்லிட்டேன். மூட்டை தண்ணி குடிச்சிக் கிடக்கு. வரலன்னா பலம் போயிட்டுன்னு நெனச்சி முகத்தத் தூக்கி வச்சிக்கிடாதிய."

மூட்டை வரவில்லை. அவளே வந்தாள், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு. ஒரு காதை அவள் பிடித்தாள், ஒரு காதை நான் பிடித்தேன்.