ரிப்போர்ட்டில் வராத சுவர்

ராஜபாளையத்து ஸ்கேன் சென்டர் ஒன்றில் சி.டி. எடுப்பது என் வேலை. எடுக்கலாம், அனுப்பலாம், படத்தில் என்ன தெரிகிறது என்று நோயாளியிடம் வாயைத் திறக்கக் கூடாது. ரிப்போர்ட் எழுதுகிறவர் மதுரையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர். இந்த விதிக்குப் பதினோரு வருடம் கட்டுப்பட்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை மீறினேன். அதில் எனக்கு இம்மியும் வருத்தமில்லை.

அன்று வந்தவள் சேத்தூர்க்காரி. நூல் மில்லில் வேலை, முப்பது வயது இருக்கும். மாடிப்படி ஏறி வந்ததற்கே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்குகிறது என்று அடிக்கடி லீவு போட்டிருக்கிறாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்திருக்கிறதா என்று படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர். நெஞ்சு சுத்தமாக இருந்தால் திங்கட்கிழமை ஷிஃப்டுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை.

கூட வந்த புருஷன் அவளை வைத்துக்கொண்டே சொன்னான்: "இவ நடிக்கா மேடம். மில்லு நர்ஸு விரல்ல கிளிப்பு மாட்டிப் பாத்துட்டாவ. தொண்ணூத்தொம்போது காட்டிச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொரோனாவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அந்த ஆக்சிஜன் கிளிப் சொன்னால் சாமி சொன்ன மாதிரி. அவளை உள்ளே கூட்டிப்போனேன். தாலியைக் கழற்ற மாட்டேன் என்றாள். அதில் கோத்திருந்த ஊக்குகளை மட்டும் கழற்றிவிட்டுச் சங்கிலியைக் கழுத்துக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

மிஷினில் அப்போதுதான் புது மென்பொருள் போட்டிருந்தார்கள். ஏராளமான படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ரவை தூவினாற்போல் படத்தை மறைக்கும் புள்ளிகளை நீக்கித் தருகிற டீப் லேர்னிங். படம் வந்தது. நுரையீரல் சுத்தம். நுரையீரலுக்கென்று வைக்கும் வெளிச்சத்தில் இதயம் வெறும் வெள்ளைக் கட்டிதான். யாரும் அதைக் கவனிப்பதில்லை. நான் வெளிச்சத்தை மாற்றினேன். மருந்து ஏற்றாத படத்தில் இதயத்தின் நடுச்சுவரும் இருபக்கத்து ரத்தமும் பெரும்பாலும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்து கிடக்கும். இவளுக்குச் சுவர் தனியாகத் தெரிந்தது. ரத்தம் அதைவிடக் கறுத்திருந்தது. ரத்தத்தில் சத்து ரொம்பக் குறைந்தால் அப்படித் தெரியும். பழைய படமாக இருந்தால் அந்தப் புள்ளிகளுக்குள் இது மறைந்துபோயிருக்கும்.

மதுரைக்குப் போன் போட்டேன். "ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லி ஒரு வரி சேத்துருங்க சார்."

"நுரையீரலைத்தான் கேட்டிருக்காங்க. படத்தை வச்சு ரத்தசோகைன்னு எழுத முடியாது. நீங்க எடுக்குற வேலையை மட்டும் பாருங்கம்மா."

வைத்துவிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. படம் சந்தேகத்தைத்தான் கிளப்பும், டெஸ்ட்தான் உறுதி சொல்லும். அந்தச் சந்தேகத்தை எழுதினால் என்ன குறைந்துவிடும்? நார்மல் என்ற ஒற்றைச் சொல்லோடு அனுப்பினால் இவள் திங்கட்கிழமை மிஷின் முன்னால் சுருண்டு விழுவாள்.

வெளியே போய் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். துளிச் சிவப்பு இல்லை. "மாசாமாசம் ரொம்பப் போகுதா?" என்றேன். புருஷனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"ஏலே தம்பி, இவ ஒண்ணும் நடிக்கல. இருக்குத ரத்தத்துல ஆக்சிஜன் இருக்கான்னுதான் கிளிப்பு பாக்கும். ரத்தத்துல சத்து எம்புட்டு இருக்குன்னு அதுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போவாத, லேப்புக்கு வா."

என் வேலை நேரம் முடிந்திருந்தது. இருவரையும் என்னோடு பஸ்ஸில் ஏற்றி என் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன். எங்கள் தெரு லேப்காரர் நம்பாமல் இரண்டு தடவை பார்த்தார். பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஐந்துதான் இருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள்.

புதன்கிழமை சென்டர் முதலாளி என்னைக் கூப்பிட்டார். டாக்டரை மீறிப் பேசியதற்கு விளக்கம் எழுத வேண்டும், கடைசியில் மன்னிப்பும் கேட்க வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவள் போன் வந்தது.

"ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறிட்டேங்கா, நிக்காம ஏறிட்டேன்."  சொல்லிவிட்டு அழுதாள். "எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான் சோம்பேறின்னு நானே நம்பிட்டேங்கா."

எனக்கும் அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் கடிதத்தை எழுதினேன். அதில் மன்னிப்பு இல்லை. இனியும் அந்தச் சுவர் தெரிந்தால் யாரையும் கேட்காமல் நோயாளியிடம் சொல்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.