மாடிக் கட்டில்

பிள்ளைகள் ஒரு இரவாவது என்னோடு தங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கட்டிலைச் செய்தேன்.

நானும் மனைவியும் பிரிந்து இரண்டு வருடமாகியிருந்தது. யாருடைய பிழை என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் என் பக்கத்தை மட்டும்தான் எழுதுவேன். அவள் பிள்ளைகளோடு நெல்லியடியில் இருந்தாள். நான் கொடிகாமத்தில் சந்தைக்குப் பின்பக்கம் ஒரு அறையும் குசினியும் விறாந்தையும் உள்ள சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தேன். சனிக்கிழமை காலையில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவருவேன். நாலு மணியானால் மகள் செருப்பைத் தேடத் தொடங்குவாள். அவளுக்குப் பதினொரு வயது. எட்டு வயது மகனுக்கு அந்த நாசூக்கும் கிடையாது. "அப்பா, வெளிக்கிடுவமே?" என்பான். அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால், மத்தியானம் சாப்பிட்ட மூன்று சோற்றுக் கோப்பைகளும் கழுவாமல் கிடக்கும். ஞாயிறு முழுக்க அவற்றைக் கழுவமாட்டேன். சோம்பல் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். சோம்பல் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் மகள் என் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டும் ஏணியும் வைத்த கட்டில்.

"மாடிக் கட்டில் அப்பா. மேலை ஏறிப் படுக்கலாம்."

அந்த ஆசையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எனக்குத் தச்சுவேலை தெரியாது. கந்தோரில் கோப்புகளோடு மாரடிக்கிறவன். ஆனாலும் ஆளைப் பிடித்துச் செய்விக்க மனம் வரவில்லை. என் கையால் செய்ததில்தான் அவர்கள் படுக்க வேண்டும் என்ற வீம்பு. மரம் விற்கிற மரக்காலைக்குப் போய் வேப்பம் பலகை கேட்டேன். அங்கிருந்தவர், "எவ்வளவு நீளம் வேணும் தம்பி? பிள்ளையள் என்ன உயரம்?" என்றார். "பொறுங்கோ, வாறன்" என்றேன். தெருவுக்கு வந்து மகளுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, நீ இப்ப எவ்வளவு உயரம்?"

"ஏனப்பா?"

"சும்மாதான்."

"பள்ளிக்கூடத்திலை அளந்தவை. நூற்றி நாற்பத்தொண்டு. தம்பி என்ரை தோளுக்கு நிப்பான்."

பெற்ற பிள்ளையின் உயரத்தைத் தொலைபேசியில் கேட்டு, துண்டில் எழுதிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. திரும்பிப் போய், "ஆறடி தாங்கோ, வளர்ந்தாலும் காணும்" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

கந்தோர் விட்டு வந்து ஒவ்வொரு பின்னேரமும் விறாந்தையில் வேலை. இரவல் சீவுளி என் சொல் கேட்காமல் பலகையைக் கடித்துக் கடித்துப் போனது. ஆணி அடித்த இடமெல்லாம் வெடித்தது. கடைசியில் எல்லாப் பொருத்துகளுக்கும் போல்ட் போட்டேன். அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. இடையில் மனைவிக்கு எடுத்து, "பிள்ளையள் ஒரு இரவு நிண்டு வரட்டுமே?" என்று கேட்டேன்.

"அவையளைக் கேளுங்கோ. அவையள் ஓம் எண்டால் எனக்கொண்டுமில்லை" என்றாள்.

எனக்குப் பயமே அதில்தான். அவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு நான் யாரை நோவது? அதனால் கட்டில் முடியும்வரை கேட்கவேயில்லை. என் கட்டிலை விறாந்தைக்குத் தள்ளிவிட்டு, அறையின் நீளச் சுவரோடு புதுக் கட்டிலை நிறுத்தினேன். ஒரு முனையில் தலைமாட்டுப் பலகை, மற்ற முனையில் முன்பக்கமாக ஏணி. மேல்தட்டிலிருந்து விழாமல் இருக்க முன்பக்கம் தடுப்பு வைத்தேன். ஏணியில் ஏறும் இடம் மட்டும் திறந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை மகன் செருப்போடேயே ஏறிவிட்டான். மகள் கீழே நின்று கட்டில் காலைத் தடவிப் பார்த்தாள்.

"உண்மையா நீங்களே செய்தனீங்கள்?"

"பின்னை?"

மேலேயிருந்து மகன் தலையை நீட்டினான். "அப்பா, இண்டைக்கு இஞ்சை நிக்கலாமோ?"

நான் கேட்கப் பயந்ததை அவனே கேட்டுவிட்டான். "ஓம், நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், தேவையில்லாமல் சீனிப் போத்தலைத் திறந்து மூடினேன். அவ்வளவு சந்தோசம்.

மேலே யார் என்று ஒரு சண்டை நடந்து மகள் வென்றாள். தலையணையைக் கொண்டுபோனவள் ஏணியில் பாதியில் நின்றுவிட்டாள். யன்னலைப் பார்த்தாள், தலைமாட்டைப் பார்த்தாள்.

"அப்பா, காலமை வெயில் இந்த யன்னலாலை எல்லோ வந்தது? அப்ப தலைமாடு வடக்கெல்லோ?"

எனக்கு விசர் பிடித்த மாதிரி இருந்தது. கிணறு வெட்டவும் திசை பார்க்கிற சனம் நாங்கள். வடக்கே தலை வைத்து எந்தப் பிள்ளையைப் படுக்க வைத்திருக்கிறோம்? நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன், திசையை மறந்துபோனேன். கட்டிலைத் திருப்பினால் ஏணியும் தடுப்பும் சுவர்ப்பக்கம் போய்விடும். குறுக்கே போட்டால் கதவு திறவாது. கடைசியில் தலையணைகளைக் கால்மாட்டுக்கு மாற்றினோம். மகளின் தலை ஏணிக்கான திறப்புக்கு நேரே வந்தது. அதில் நான் உடுக்கிற சாரத்தைக் குறுக்கே இழுத்துக் கட்டினேன். மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் கதவடியில் பாயைப் போட்டுப் படுத்தேன். அந்த இரண்டு வருடத்தில் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு மூன்று சனிக்கிழமைகள் வந்து நின்றார்கள். அதில் கடைசி முறை, ஞாயிறு காலையில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் சொன்னாள்.

"அப்பா, எங்கடை வீட்டிலை எண்டால் தலைமாடு கிழக்காலை வரும். சாரமும் கட்டத் தேவையில்லை. நான் அறையை அளந்து பாத்தனான், வடிவாக் கொள்ளும். அங்கை கொண்டுபோனால் ஒவ்வொரு நாளும் படுக்கலாமெல்லோ?"

என் பிழையை எனக்காகத் திருத்தித் தருகிற முகத்தோடு சொன்னாள். "எங்கடை வீடு" என்று அவள் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. அப்படியென்றால் இது யாருடைய வீடு? "பாப்பம்" என்று எரிந்து விழுந்தேன். அவள் பாணைக் கீழே வைத்துவிட்டாள்.

கிழமை முழுக்க எனக்குள்ளேயே வழக்காடினேன். அங்கே இன்னொன்று செய்து கொடுக்கலாம்தான். ஆனால் இரண்டிடத்திலும் இருந்தால் இங்கே வந்து படுக்க யார் ஆசைப்படுவார்கள்? அந்த யோசனை வந்ததும் என் மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிட்டு வைக்க ஒரு பொறி செய்து, அதைக் கட்டில் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆசைப்பட்டதில் அவர்கள் தினமும் படுக்கட்டும் என்று போல்ட்டுகளைக் கழற்றினேன். ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைப் பிடித்து, அதன் பின்பெட்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நெல்லியடிக்குப் போனேன்.

கால்களை நிமிர்த்திப் பிடிக்க வேறு ஆளில்லை. "இதைக் கொஞ்சம் பிடியும்" என்றேன் மனைவியிடம். அவள் பிடித்தாள். நான் இறுக்கினேன். மகள் சொன்னது சரி. தலைமாடு கிழக்கே வந்தது, ஏணி கதவுப்பக்கம் வந்தது. நான் ஒருநாளும் அளந்திராத அந்த அறைக்கே செய்தது போல நின்றது.

"தேத்தண்ணி போடட்டே?" என்றாள் மனைவி.

"வேண்டாம். லான்ட்மாஸ்டர் நிக்குது."

பிள்ளைகள் மேலே ஏறிவிட்டார்கள். அங்கேயிருந்தே கை காட்டினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வழக்கம்போல எடுத்தேன். மகன்தான் கதைத்தான். நாளைக் காலை வாறன் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்.

"அப்பா, உங்கை இப்ப கட்டில் இல்லையெல்லோ? அப்ப இனி நாங்கள் இரவு நிக்கத் தேவையில்லை, என்ன?"

"ஓம் மோனை, தேவையில்லை" என்றேன்.