கரண்ட் போகவில்லை, இறங்கியது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். மராட்டி பேசும் போசரியில் நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனிக்கு அந்தக் கடிதம் வந்த அன்று நிஜமாகவே வந்தது.

மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜுக்குள் எத்தனை டிகிரி இருக்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துவைக்கும் பெட்டி ஒன்றை நாங்கள் செய்கிறோம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். கரண்ட் போனாலும் குறித்தது உள்ளேயே பத்திரமாக இருக்க வேண்டும். அந்தக் குறிப்புகளை மெமரி சிப்பில் எந்த இடத்தில் எழுதுவது, எதை எப்போது அழிப்பது என்று முடிவு செய்கிற ஃபைல் சிஸ்டம் என் கைவேலை. "கரண்ட் எப்போது போனாலும் ஒரு பதிவுகூடத் தொலையாது" என்று பெட்டியோடு போகும் கையேட்டில் ஒரு வரி உண்டு. அந்தப் பீற்றலும் என்னுடையதுதான்.

கடிதம் ஊர்ப்புறத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வந்திருந்தது. தடுப்பூசி ஃப்ரிட்ஜின் பதிவில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாலு மணி நேரம் காணோம். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் சரியாக இருக்கிறது. மருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி ஃப்ரிட்ஜைக் கவனிக்காமல் விட்டு, அது சூடானதும் கம்ப்யூட்டரில் இணைத்து அந்த நேரத்தை மட்டும் அழித்துவிட்டார் என்று சந்தேகம். அவரை வேலையை விட்டு எடுப்பதா வேண்டாமா என்று வரும் திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. பதிவு தானாக அழியாது என்று நாங்கள் எழுதித்தர வேண்டுமாம்.

என் முதலாளி பக்கத்துத் தாபோடியில் பிறந்து வளர்ந்த தமிழர். அவர் தமிழில் பாதி இந்தி. "அரே, இதுல என்ன யோசனை மேடம்? நம்ம மெஷின் பக்கா. ஒரு லைன் எழுதி ஸைன் போடுங்க, பஸ், அவ்வளவுதான்" என்றார்.

எனக்கும் அந்தப் பெண்மணி மேல்தான் ஆத்திரம். நான் ஒரு வருஷம் உயிரைக் கொடுத்து எழுதினால், இவர் தன் தப்பை மறைக்க அதில் கை வைப்பாரா? பேனாவை எடுத்துவிட்டேன். கையெழுத்துக்கு முன்னால், காணாமல் போன பதிவுகள் எத்தனை என்று சும்மா எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. மெமரியில் ஒரு கட்டத்துக்குள் அடங்குவதும் சரியாக நாற்பத்தெட்டு.

அது எப்படி? ஒரு மனுஷி தப்பை மறைக்க அழித்தால் மூன்றேகால் மணி நேரத்தை அழிப்பார், ஐந்து மணி நேரத்தை அழிப்பார். என் கட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பேனாவை மூடி வைத்தேன். "என்ன ஆச்சு?" என்றார் முதலாளி. "தெரியலைங்க. ஆனா எனக்கு இது தெரிஞ்சாகணும்" என்றேன்.

இந்த மெமரி சிப்பில் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு சிலேட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதலாம், ஆனால் ஒரே ஒரு எழுத்தை மட்டும் அழிக்க முடியாது. முழு சிலேட்டையும் கழுவித்தான் ஆக வேண்டும். கழுவிக் கழுவி ஒரே சிலேட்டு தேய்ந்துபோகாமல், இருக்கிற சிலேட்டுகளை முறைவைத்துச் சுற்ற வேண்டும். கழுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால், திரும்ப வந்ததும் எது பாதியில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். என் ஃபைல் சிஸ்டத்தின் வேலை மொத்தமும் இவ்வளவுதான். எழுதுவதற்குத்தான் தாவு தீர்ந்துவிட்டது.

மூன்று நாள் பெட்டியை மேஜையில் வைத்து வதைத்தேன். டக் டக்கென்று கரண்டை வெட்டிக் கொடுக்கும் ரிலே ஒன்றை மாட்டி, ஆயிரக்கணக்கான தடவை வெட்டினேன். ஒரு பதிவுகூடப் போகவில்லை. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றார் முதலாளி. எனக்கு எரிச்சலாக வந்தது. என் புரோகிராம் ஜெயித்ததற்கு நானே எரிச்சல்பட்டது அன்றைக்குத்தான்.

வாராவாரம் வியாழக்கிழமை போசரியில் கரண்ட் இருக்காது, கம்பெனிக்கும் லீவு. அன்றைக்குப் பஸ் பிடித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெண்மணியைக் காப்பாற்றப் போகவில்லை. அந்த நாற்பத்தெட்டு என் மண்டையைக் குடைந்தது, அதனால் போனேன்.

ஸ்டோர் ஒரு சின்ன அறை. அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. மராட்டி கலந்த இந்தியில் அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி தமிழில் எழுதுகிறேன். இங்கே எப்படிக் கரண்ட் போகும் என்று கேட்டேன். "போகாது. இறங்கும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "இருங்க, வயல்ல எல்லாரும் மோட்டார் போடுற நேரந்தான்" என்று சொல்லிவிட்டு மருந்துப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டார்.

பதினொன்றரைக்கு இறங்கியது. தலைக்கு மேல் குண்டு பல்பு மஞ்சளாகி, பிறகு சிவந்து, உள்ளே கம்பி மட்டும் தெரிகிற மாதிரி ஆனது. ஃப்ரிட்ஜ் முக்கி முனகியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்தச் சத்தத்தை வைத்தே கையை நீட்டி, ஃப்ரிட்ஜ் எரிந்துபோகாமல் இருக்க அதன் சுவிட்சை அணைத்தார். எங்கள் பெட்டியின் பிளக் அடுத்த துளையில் இருந்தது. அதை அவர் தொடவில்லை. அது அந்தச் சிவந்த வெளிச்சத்திலேயே முழித்துக்கொண்டிருந்தது.

அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். என் ரிலே ஒரே வெட்டாக வெட்டியது. இங்கே கரண்ட் மெள்ள மெள்ளச் சாகிறது.

மறுநாள் ரிலேவைக் கழற்றி எறிந்துவிட்டு, பவர் சப்ளையின் திருகைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஓரிடத்தில், கட்டளை கொடுக்கும் சிப்புக்கு உயிர் இருந்தது, மெமரிக்குக் கழுவி முடிக்கத் தெம்பு இல்லை. மறுபடி கரண்ட் கொடுத்துப் பார்த்தால் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. சுத்தமான காலி. அப்புறம் என்னதான் பிரச்சினை என்று தலையைப் பிய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலையில் அதே கட்டத்தைப் படித்தேன். காலி இல்லை. பழைய எழுத்து அங்கங்கே எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் எச்சில் தொட்டு சிலேட்டைத் துடைத்தால் ஈரத்தில் பளிச்சென்று இருக்கும், காய்ந்ததும் பழசு மங்கலாகத் தெரியுமே, அதேதான். ஆஸ்பத்திரியிலும் என் புரோகிராம் அந்த ஈரத்தை நம்பி, காலி என்று நினைத்து, செவ்வாய்க்கிழமைப் பதிவுகளை அதன் மேல் எழுதியிருக்கிறது. பின்னால் பழசும் புதுசும் கலந்து குப்பையானதும், குப்பை இருக்கக் கூடாது என்று தடயமே இல்லாமல் கழுவிவிட்டது. குப்பையைக் கழுவும் அந்த எட்டு வரியை நான் எவ்வளவு ஆசையாக எழுதினேன் தெரியுமா! கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கை தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் கையேட்டை எடுத்து அந்த ஒரு வரியை மறுபடி படித்தேன்.

முதலாளியிடம் சொன்னேன். வெளியே போன பெட்டி அத்தனையும் திரும்பி வரும் என்று இருவருக்கும் தெரியும். "எழுதுங்க மேடம். நாமளே எழுதலேன்னா அந்தம்மாவுக்கு யார் எழுதுவா? அப்புறம் எனக்கு ஒரு கடக் சாய் சொல்லுங்க, நல்லா ஸ்ட்ராங்கா" என்றார்.

ஒரு பக்கத்துக்கு எழுதினேன். மின்னழுத்தம், பாதியில் நின்ற அழிப்பு, மென்பொருள் கோளாறு, கையேட்டில் உள்ள வரி தவறு, எல்லாம் இருந்தது. அனுப்புவதற்கு முன் அந்தப் பெண்மணிக்குப் போன் போட்டு, பெருமையாகவே, இந்தியில் படித்துக் காட்டினேன். நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன்.

"இதுல நான் எங்கே இருக்கேன்?" என்றார்.

எங்கே என்று தாளை மறுபடி மேலிருந்து தேடினேன்.

"மெஷினைப் பத்தி எழுதியிருக்கீங்க. ஊர் பூரா பேசுறது மெஷினைப் பத்தி இல்லை, என்னைப் பத்தி. நீங்க வந்த அன்னைக்கும் பல்பைப் பத்திக் கேட்டீங்க, சுவிட்சைப் பத்திக் கேட்டீங்க. பதினஞ்சு நாளாச்சு மேடம். நீ அழிச்சியான்னு ஒரு ஆள் என்னைக் கேக்கல. பெரிய டாக்டர் கேக்கல. நீங்களும் கேக்கல."

முகம் சுட்டது. இதுவரை எந்தக் கோளாறுக்கும் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை. விடை கையில் இருந்தது, சோதித்தாகிவிட்டது, இருந்தாலும் கேட்டேன்.

"நீங்க அழிச்சீங்களா?"

"இல்லை" என்றார்.

அதை முதல் வரியாக எழுதினேன்.