சமையல்காரனைக் கொல்ல மாட்டேன்

நான் எழுதியது போர் நாவல்கள். சிரிக்காதீர்கள், திண்டிவனத்தில் எல்லோரும் ஏற்கெனவே வயிறு வலிக்கச் சிரித்துவிட்டார்கள். பள்ளியில் கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் இரண்டாம் வரிசை, வீட்டுக்கு வந்தால் ரத்தக்களரி. "இன்னா டீச்சர், நேத்து எத்தினி தலை உருண்டுச்சு?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். "உங்க தலை மட்டுந்தான் பாக்கி" என்பேன்.

புதுச்சேரியில் ஒரு கம்பெனி, மேசைமேல் ஆடும் போர் ஆட்டம் ஒன்றை விற்றது. பெட்டிக்குள் விரல் உயரச் சிப்பாய்கள், பகடை, ஓயாமல் அடித்துக்கொள்ளும் ஏழு கோட்டைகள் கொண்ட ஒரு கற்பனை நாடு. அந்த நாட்டில் நடக்கிற வேடிக்கைக் கதைகளைச் சின்னச் சின்ன நாவல்களாக எழுதித் தருவது என் வேலை. சண்டை மட்டும் ஆட்டத்தின் விதிப்படிதான் நடக்க வேண்டும். அதனால் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பொம்மைகளை நிறுத்தி, தையல் டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் பார்த்த பிறகே எழுதுவேன். யார் சாக வேண்டும் என்று பகடை சொல்லும்.

முதல் நாவலிலேயே பெட்டியில் இல்லாத ஒருவனை நுழைத்தேன். படையின் சமையல்காரன். சங்கு ஊதினால் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். சண்டை முடிந்ததும் திரும்பி வந்து, மிச்சம் இருப்பவர்களுக்குச் சோறு போடுவான். அவன் வேறு யாருமில்லை, என் அப்பாதான். முகையூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத்துக்குப் போய், இருபது வருடம் சமைத்துவிட்டு வந்தவர். "நீ இன்னா துப்பாக்கியா புடிச்ச, கரண்டிதான புடிச்ச" என்று கல்யாண வீடுகளில் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாவலைப் படித்துவிட்டு அப்பா ஒரே ஒரு குறைதான் சொன்னார். "எரநூறு பேருக்கு இவ்ளோ உப்பு போட்டா எவம்மா துன்னுவான்?"

வாசகர்கள் அதைவிட மோசம். விழுப்புரத்திலிருந்து ஒருவர் விதிப்புத்தகத்தோடு பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். சுமை தூக்கியவன் ஒரு முறைக்கு ஆறு அங்குலம்தான் நகரலாமாம், நான் எட்டு அங்குலம் ஓடவிட்டேனாம். டேப்பை வைத்து அளந்தே காட்டினார். தப்பு என்னுடையதுதான். டிபன் கொடுத்து அனுப்பினோம். அடுத்த நாவலில் சமையல்காரனைக் கொஞ்சம் நொண்ட வைத்தேன்.

எட்டு நாவல்கள் வந்தன. ஒன்பதாவதைத் தொடங்கும்முன் கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு வந்து மேசையில் ஒரு புதிய பொம்மையை வைத்தார். சமையல்காரனாம். நிமிர்ந்த நெஞ்சு, கையில் வாள்.

"எல்லாரும் இவனத்தான் கேக்குறாங்க மேடம். இந்தக் கதையில கோட்டை வாசல்ல வீர மரணம் குடுத்துடுங்க. அதே மாசம் பொம்மைய எறக்கிடலாம்."

"பகடை அப்படிச் சொன்னாத்தானே சார்?"

"பகடைய வுடுங்க. எவ்ளோ நாளைக்குத்தான் ஓடிக்கினே இருப்பான்? அவனுக்கும் ஒரு மரியாதை வேணாங்களா? உங்களால முடியலன்னா வேற ஆள வச்சி எழுதிக்கறோம்."

மரியாதையாம். நான் வாயைத் திறப்பதற்குள், டீ கொண்டுவந்த அப்பா பொம்மையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவன் செத்துப் பூட்டா, அன்னிக்கி சாயந்திரம் மத்தவங்களுக்கு யாரு தம்பி சோறு ஆக்குவா?"

குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. அவருக்கு நிஜமாகவே அது தெரிய வேண்டியிருந்தது. மேனேஜர் டீயைக் குடித்தார்.

"வேற ஆளையே வச்சிக்குங்க சார்" என்றேன். "நான் கொல்ல மாட்டேன்."

ஆனாலும் ஒன்பதாவதை என் இஷ்டப்படி எழுதி அனுப்பினேன். கூரியரில் திரும்பி வந்தது. சில மாதம் கழித்து அவர்கள் ஆள் எழுதிய புத்தகம் வந்தது, வாங்கிப் படித்தேன். மூன்று பக்கத்துக்கு வீர மரணம், முரசு, கண்ணீர். அன்று சாயந்திரம் அந்தப் படை என்ன சாப்பிட்டது என்று ஒரு வரி கிடையாது.

என் கைப்பிரதியில் அத்தனை பேரும் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தார்கள்.