தலையில்லாத ஆந்தை

ஏதென்ஸ் சந்தையில் பார்லி ரொட்டி விற்றவள் பிலின்னா. கணவன் நிகோன் இறந்தபோது அவன் நாக்கின்மேல் அவள் வைத்தது அவனுடைய காசையேதான். கொண்டைக்கடலை அளவு வெள்ளி. அச்சு விலகி விழுந்ததில் அதிலிருந்த ஆந்தைக்குத் தலை இல்லை. "கண்ணில்லாத ஆந்தை, நாம பண்ற தப்பைப் பார்க்காது" என்று சொல்லிச் சிரிப்பான் நிகோன். மற்ற ஆண்களைப் போலச் சில்லறையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்பவன், இதை மட்டும் செலவழிக்கவே மாட்டான்.

செத்தவர்களை ஆறு கடத்திவிடும் படகுக்காரனுக்குக் கூலி இல்லாமல் போனவன் அக்கரை சேர முடியாது. ஆகவே அவளே அதை வைத்தாள். விடியுமுன், பிணம் எடுக்கும் நேரத்தில் கொழுந்தன் நௌசோன், "தாடைக்கட்டு தளர்ந்திருக்கு அண்ணி. நான் இறுக்கிடறேன், நீங்க போய் எண்ணெய்க் குப்பியை எடுத்துட்டு வாங்க" என்றான். அழுது அவன் கண்ணும் வீங்கியிருந்தது.

முப்பதாம் நாள் படையலும் முடிந்தபின் ஒரு காலை, பிலின்னாவின் பக்கத்துக் கடையில் நௌசோன் நெத்திலி வாங்கினான். கன்னத்திலிருந்து ஒரு காசைத் துப்பித் துடைத்து நீட்டினான்.

"என்னப்பா, ஆந்தை முண்டமா நிக்குது?" என்றான் மீன்காரன் சிமோன்.

"வெள்ளி வெள்ளிதானே. ஆந்தையைக் குழம்பா வைக்கப் போற?"

பிலின்னா எட்டி அதை வாங்கினாள். இன்னும் ஈரம் காயவில்லை.

"நௌசோன், இது உங்கண்ணன் வாயில இருந்தது."

அவன் குரலைத் தணித்தான். "போனவருக்குக் காசு எதுக்கு அண்ணி? படகுக்காரனை நீங்க பார்த்தீங்களா, நான் பார்த்தேனா?"

"பார்க்கலை. அதுக்காக எடுத்து உன் வாயிலயா வெச்சுக்கிட்ட?"

"கத்தாத. இனிமே உனக்குப் பொறுப்பு நான்தான், ஞாபகம் வெச்சுக்க."

'நீங்க' அதற்குள் போய்விட்டிருந்தது.

காசுக்கு ஈடாகச் சிமோனுக்கு ரொட்டிகளைக் கொடுத்துவிட்டு, அவள் நகர வாசலுக்கு வெளியே இருந்த இடுகாட்டுக்கு நடந்தாள். மண் இன்னும் இறுகவில்லை. காசை விரலால் அழுத்தினாள். விரல் முழுதும் உள்ளே போயிற்று. நிகோனின் வாய் அதற்கும் வெகு கீழே இருந்தது.

பிணம் எடுத்த அன்று எண்ணெய்க் குப்பி வீட்டில் எங்கும் கிடைக்கவில்லை. தேடிக் களைத்துத் திரும்பியபோது, "இங்கேயே இருக்கே அண்ணி" என்று பாடைக்கு அடியிலிருந்து நௌசோன்தான் எடுத்துக் கொடுத்தான்.

"நல்லவேளை, நீ கூட இருந்த" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள் அவள்தான்.